எரிவாயு தீர்ந்த பிறகு எந்த அடுப்பு? கொல்லைப்புறத்துக்கும் மலையேற்றத்துக்கும் ஆலோசனை தேவை

முதல்சுள்ளி:
அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டுச் சமையல் முழுவதும் எரிவாயு சிலிண்டரை நம்பியே நடக்கிறது. சென்ற மாதம் அது எதிர்பாராமல் தீர்ந்துபோய், அடுத்தது வந்துசேர நான்கு நாட்கள் ஆயின. அந்த இடைவெளியில் கொல்லைப்புறத்தில் மூன்று கற்களைக் கூட்டி, நெருப்பு மூட்டிச் சமைத்தேன். சமைத்தேன் என்பதைவிடப் புகையோடு மல்லுக்கட்டினேன் என்பதே பொருந்தும். ஒரு பானைத் தண்ணீர் கொதிப்பதற்குள் கண்கள் சிவந்துவிட்டன, பாத்திரத்தின் அடியிலும் பக்கங்களிலும் கரி அப்பிக்கொண்டது, சேர்த்துவைத்த விறகில் பாதி காணாமல் போயிற்று.

இனி இப்படி ஒரு நிலை வந்தால் பதறாமல் சமாளிக்க, நெருப்பில் சமைக்கும் வேறு வழிகளைக் கற்றுக்கொள்ள விரும்புகிறேன். எனக்கு இரண்டு தேவைகள் உள்ளன: கொல்லையில் நிலையாக வைத்துக்கொள்ள ஓர் அடுப்பு, மலையேற்றத்துக்குச் செல்லும்போது முதுகுப்பையில் எடுத்துச் செல்ல மற்றொன்று. மழை பெய்தால் கரி அடுப்பைச் சமையலறைக்குள் வைத்துக்கொள்ளலாம் என்றும் எண்ணியிருக்கிறேன். கரியில்தான் புகை வராதே. அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டும்.

இரவுப்பணி:
மற்றவர்கள் அடுப்புகளைப் பற்றிப் பேசத் தொடங்குவதற்கு முன், உங்களுடைய கடைசி எண்ணத்துக்கு மட்டும் பதில் சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். நான் அவசர சிகிச்சைப் பிரிவில் செவிலியாகப் பணியாற்றுகிறேன். கரி அடுப்பை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திய குடும்பங்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். கரியில் கண்ணுக்குத் தெரியும் புகை இல்லை என்பதுதான் அதன் ஆபத்தே. கனலும் கரி கார்பன் மோனாக்சைடை ஏராளமாக வெளியிடும். அந்த வாயுவுக்கு நிறமோ மணமோ கிடையாது. இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினோடு அது ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாக ஒட்டிக்கொள்வதால், மூச்சு நன்றாக வந்துகொண்டிருக்கும்போதே உடல் ஆக்ஸிஜனுக்குத் தவிக்கும். தலைவலி, குமட்டல், சோர்வு என்று தொடங்கும். களைப்பு என்று நினைத்துப் படுப்பவர் எழுவதில்லை.

ஒரு சன்னலைத் திறந்துவைத்தால் போதும் என்று யாராவது எழுதினால் அதை நம்ப வேண்டாம். தணல் அணைந்ததுபோல் சாம்பல் பூத்துக் கிடக்கும்போதும் இது வெளிவந்துகொண்டேதான் இருக்கும். கூடாரத்துக்குள்ளும் இதே விதிதான். அங்கே கரி மட்டுமல்ல, எந்த அடுப்பும் கூடாது.

கணக்குப்பிள்ளை:
விறகு எங்கே போயிற்று என்ற கேள்விக்குக் கணக்கிலேயே விடை இருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீரை 25 பாகை செல்சியஸிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறத்தாழ 315 கிலோஜூல் வெப்பம் வேண்டும். காற்றில் உலர்ந்த விறகு ஒரு கிலோவில் சுமார் 16 மெகாஜூல் இருக்கிறது. அதாவது, வெப்பம் சிறிதும் வீணாகாத ஓர் அடுப்பு இருக்குமானால் 20 கிராம் விறகு போதும். ஒரு கைப்பிடிச் சுள்ளிகூட ஆகாது. மூன்று கல் அடுப்பில் வெப்பத்தில் 10 முதல் 15 சதவீதம் மட்டுமே பாத்திரத்துக்குள் போகும் என்பதால், அதே தண்ணீருக்கு 130 முதல் 200 கிராம் வரை எரிக்கிறோம்.

இங்கே பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் ஓர் இடம் உண்டு. விறகு வீணாவதற்குப் புகையே காரணம் என்று நினைக்கிறோம். உண்மையில், திறந்த நெருப்பிலும் விறகின் பெரும்பகுதி எரிந்து வெப்பமாகத்தான் மாறுகிறது. அந்த வெப்பம் பாத்திரத்தைத் தொடாமல் பக்கவாட்டில் காற்றோடு போய்விடுகிறது. ஆகவே, விறகைச் சேமிக்க வேண்டுமானால் வெப்பத்தைப் பாத்திரத்தோடு உரசிச் செல்லவைக்க வேண்டும். புகையைக் குறைக்க வேண்டுமானால் அதை எரித்துவிட வேண்டும். இவை இரண்டும் தனித்தனி வேலைகள். ஒன்றை மட்டும் செய்துவிட்டு மற்றதும் நடந்துவிட்டதாக நினைப்பவர்களால்தான் இத்துறையில் பாதிக் குழப்பம்.

இன்னொன்று, கொதி வந்த பிறகும் நெருப்பைக் கொழுந்துவிட்டு எரிய விடாதீர்கள். ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்கிவிட ஏறத்தாழ 2,260 கிலோஜூல் செலவாகும். அதைக் கொதிக்கவைக்க ஆனதைப்போல் ஏழு மடங்கு. தளதளவென்று கொதிப்பதால் உணவு விரைவாக வெந்துவிடாது, தண்ணீரின் வெப்பநிலை அதே அளவில்தான் நிற்கும். மூடி போட்டு, விறகை வெளியே இழுத்து, சிறு கொதியில் வைத்தாலே அடுப்பை மாற்றாமல் பாதி விறகு மிஞ்சும்.

இரும்புக்கை:
கணக்குப்பிள்ளை சொன்ன இரண்டு வேலைகளையும் மிக எளிய அமைப்பில் செய்வது ராக்கெட் அடுப்பு. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் உள்ள அப்ரோவெச்சோ ஆய்வு மையத்தில், லாரி வினியார்ஸ்கி 1982-இல் இதை உருவாக்கத் தொடங்கினார். பார்ப்பதற்கு 'ட' வடிவக் குழாய் போல் இருக்கும். படுக்கைவாக்கில் விறகு நுழையும் வாய், அதிலிருந்து நேராக மேலே எழும் உட்புகைபோக்கி, அதன் உச்சியில் பாத்திரம்.

செய்கிறவர்கள் தவறவிடும் நுட்பங்களை மட்டும் குறிப்பிடுகிறேன். உட்புகைபோக்கியின் உயரம் அதன் அகலத்தைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு இருக்கட்டும். ஒரு குடும்பத்துக்கான பாத்திரத்துக்கு 10 சென்டிமீட்டர் அகலம் சரியாக இருக்கும். வாயில் தொடங்கிப் பாத்திரத்தின் அடியில் உள்ள இடைவெளி வரை காற்று செல்லும் பாதையின் பரப்பளவு எங்கும் குறுகக் கூடாது. ஓரிடத்தில் நெரித்தாலும், சூடான காற்று மேலெழும் இழுவை செத்துப்போய்ப் புகை முன்பக்கமாக வந்து முகத்தில் அடிக்கும். விறகை வாயின் தரையில் போடாமல் ஒரு தகட்டுத் தட்டின்மேல் வையுங்கள். தட்டுக்குக் கீழே காற்று நுழைந்து, சூடாகி, எரியும் நுனிக்கு நேராகப் போய்ச் சேரும். நுனி மட்டுமே எரிய வேண்டும். எரிய எரியச் சற்றே உள்ளே தள்ள வேண்டும், ஒரேயடியாக நுழைத்துவிடக் கூடாது.

பாத்திரத்தைச் சுற்றி ஒரு சென்டிமீட்டர் இடைவெளி விட்டு ஒரு தகட்டை வளைத்து நிறுத்துங்கள். நாங்கள் அதைச் சட்டை என்போம். சூடான காற்று பாத்திரத்தின் விலாவை உரசிக்கொண்டு மேலேற வேறு வழியில்லாதபடி அது செய்துவிடும். அடுப்பு வாங்கப் பணமும் செய்ய நேரமும் இல்லாதவர், உள்ள அடுப்பிலேயே பாத்திரத்தைச் சுற்றி இந்தத் தகட்டை மட்டும் நிறுத்தினாலே வேறுபாட்டைக் காண்பார்.

ஓர் எச்சரிக்கை: துத்தநாகம் பூசிய வாளி, தகடு ஆகியவற்றை நெருப்புக்கு அருகில் பயன்படுத்தாதீர்கள். கடுஞ்சூட்டில் அந்தப் பூச்சிலிருந்து வரும் ஆவியைச் சுவாசித்தால் குளிர்காய்ச்சல் வரும். பட்டறைக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

ஊதுகுழல்:
தம்பி, தகட்டு அடுப்பு எல்லாம் இரண்டு பருவத்துக்குள் துருப்பிடித்து உதிர்ந்துவிடும். கனமாக மண்ணைக் குழைத்து, கையகலச் சுவர் வைத்து அடுப்புப் போட்டுப் பாருங்கள். சமைத்து முடித்து ஒரு நாழிகை கழித்துத் தொட்டாலும் கதகதப்பாக இருக்கும். வெப்பத்தைப் பிடித்துவைப்பது அதுவா, இந்தத் தகடா? நாற்பது ஆண்டுகளாக விறகில் சமைத்தவன் சொல்கிறேன்.

மண்வாசகி:
ஐயா, உங்கள் அனுபவத்தின்மேல் மதிப்பு வைத்தே மறுக்கிறேன். நானும் மண் அடுப்புகளைச் செய்துதருபவள்தான், நீங்கள் சொல்வதையே பல ஆண்டுகள் நம்பியும் இருந்தேன். சமைத்து முடித்த பிறகும் சுவர் சூடாக இருக்கிறது என்றால், பாத்திரத்துக்குப் போயிருக்க வேண்டிய வெப்பம் சுவருக்குள் போய்விட்டது என்று பொருள். 30 கிலோ எடையுள்ள மண் அடுப்பு ஒன்று சராசரியாக 100 பாகை சூடேறினால், அது விழுங்கிய வெப்பம் ஏறத்தாழ 2,500 கிலோஜூல். கணக்குப்பிள்ளையின் கணக்குப்படி எட்டு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்திருக்கலாம்.

கனம் வேறு, வெப்பக்காப்பு வேறு. கனமான பொருள் வெப்பத்தைக் குடிக்கும். காற்று அடைபட்ட இலேசான பொருளே வெப்பத்தைத் தடுக்கும். சாம்பல், நுரைக்கல், வெர்மிகுலைட் (சூட்டில் பொரிந்து இலேசாகும் ஒரு கனிமம்), மரத்தூள் கலந்து சுட்ட செங்கல் ஆகியவை இரண்டாம் வகை. மரத்தூள் சூளையில் எரிந்துபோய் விட்டுச்செல்லும் நுண்துளைகள்தான் அந்தச் செங்கல்லின் வலிமை. இப்போது நான் எரியறையைச் சுற்றிச் சாம்பல் நிரப்பி, வெளிச்சுவரை மட்டுமே மண்ணால் எழுப்புகிறேன்.

ஆனாலும் ஐயா சொல்வதில் ஒரு பாதி சரியானது. நாள் முழுவதும் அணையாமல் எரியும் அடுப்பில் சுவர் ஒரு முறை சூடேறிவிட்டால் பிறகு அதிகம் குடிக்காது. மேலும், அடுமனைச் சூளையின் இயல்பே கனத்தில்தான் இருக்கிறது. குவிமாடத்துக்குள் ஓரிரு மணி நேரம் நெருப்பை எரியவிட்டு, தணலை வாரி வெளியே தள்ளி, வாயை அடைத்துவிட்டால், சுவர் குடித்த வெப்பம் சிறிது சிறிதாகத் திரும்பி வரும். ரொட்டி நெருப்பில் வேகுவதில்லை, சுவரின் நினைவில் வேகிறது. முதலில் சூடு அதிகம் வேண்டியவற்றையும், தணியத் தணிய மென்சூட்டில் வேக வேண்டியவற்றையும் வரிசையாக உள்ளே வைக்கலாம். காய்கறிகளையும் மூலிகைகளையும் உலர்த்துவது எல்லாவற்றுக்கும் கடைசியாக நடக்கும்.

ஊதுகுழல்:
எட்டு லிட்டர் தண்ணீர் என்பது உறைக்கத்தான் செய்கிறது அம்மா. சாம்பல் நிரப்பிப் பார்க்கிறேன். ஆனால் விறகைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே! எந்த அடுப்பானாலும் ஈரவிறகை வைத்தால் புகைதான். வெட்டிய பச்சை மரத்தில் பாதி எடை தண்ணீராகக்கூட இருக்கும், அதை ஓட்டிய பிறகே மரம் பற்றும். பிளந்து, மழை படாமல், காற்றோட்டமாக ஆறு மாதமாவது அடுக்கிவையுங்கள். இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டும்போது 'டங்'கென்று கேட்டால் காய்ந்தது. 'தப்'பென்று கேட்டால் இன்னும் இல்லை. பெருவிரல் பருமனுக்குமேல் உள்ள விறகை ராக்கெட் அடுப்பு விரும்பாது என்றும் கேள்விப்பட்டேன். அது நல்லதுதான், கோடரிக்கு ஓய்வு.

விறகே கிடைக்காதவர்களுக்கு மரத்தூள் அடுப்பை யாரும் நினைவூட்டவில்லை. ஒரு தகரத்தின் அடிப்பக்கத்தில் துளையிட்டு, அதன் வழியே ஒரு தடியையும் நடுவில் நிமிர்ந்த மற்றொரு தடியையும் ஒன்றையொன்று தொடும்படி வைத்து, மரத்தூளை இறுக இடித்து நிரப்பிவிட்டு, இரண்டையும் மெல்ல உருவி எடுத்தால் புகைபோக்கி தானாக அமைந்துவிடும். அடித்துளையில் பற்றவைத்தால், தூள் உட்புறமாகக் கனன்றுகொண்டே பல மணி நேரம் ஒரே சீராக எரியும். தூளை இறுக்காமல் நிரப்பினால் நடுவில் சரிந்து அணைந்துவிடும். முதல் முறை எல்லோருக்கும் அப்படித்தான் நடக்கும்.

சாயம் பூசிய பலகை, பூச்சி அரிக்காமல் மருந்தேற்றிய கம்பம், ஒட்டுப்பலகை ஆகியவற்றின் துண்டுகளையோ தூளையோ அடுப்பருகில் கொண்டுவராதீர்கள். மருந்தேற்றிய பழைய மரங்களில் ஆர்சனிக் இருக்கக்கூடும்.

மலைநடையன்:
முதுகுப்பை அடுப்பைப் பற்றி நான் சொல்கிறேன். தொடங்குபவருக்கு மிக எளியது எரிசாராய அடுப்பு. அதில் அசையும் உறுப்பு எதுவும் இல்லை, பழுதாவதற்கும் ஒன்றும் இல்லை. காற்றுத்தடுப்பு ஒழுங்காக இருந்தால் ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்க 30 மில்லிலிட்டர் அளவில் எத்தனால் போதும். ஆனால் பகல் வெளிச்சத்தில் அதன் சுடர் கண்ணுக்குத் தெரியாது. அணைந்துவிட்டது என்று எண்ணிப் புட்டியிலிருந்து மறுபடி ஊற்றும்போது நெருப்பு அந்தத் தாரையின் வழியே புட்டிக்குள் ஏறிவிடும். எரிசாராயத் தீக்காயங்களில் பெரும்பாலானவற்றின் கதை இதுதான். அடுப்பு கைபொறுக்கும் அளவுக்கு ஆறிய பிறகே மறுபடி ஊற்ற வேண்டும். மெத்தனால் கலந்ததைத் தவிர்த்து எத்தனாலைத் தேடுங்கள். மெத்தனால் தோல் வழியாகவும் உடலுக்குள் போகும், கண்பார்வையைப் பறிக்கும்.

திருகி மாட்டும் வாயுக்குப்பிகள் வேகமானவை. குளிரில் மட்டும் ஏமாற்றும்: குப்பியில் உள்ள பியூட்டேனின் கொதிநிலை தண்ணீரின் உறைநிலைக்கு அரைப் பாகை மட்டுமே கீழே இருப்பதால், பனி பெய்யும் காலையில் குப்பி நிறைந்திருந்தும் வாயு வராது. ஐசோபியூட்டேனும் புரொப்பேனும் கலந்த குப்பியே அங்கே உதவும். குப்பியின் தலையில் நேராக அமரும் அடுப்பைச் சுற்றிலும் காற்றுத்தடுப்பை முழுவதுமாக மூடிவிடாதீர்கள், குப்பி சூடேறி வெடிக்கும். உறைபனிக்கும் உயரமான இடங்களுக்கும் அழுத்த மண்ணெண்ணெய் அடுப்புதான் இன்றும் நம்பகமானது. சுவீடனின் ஃப்ரான்ஸ் வில்ஹெல்ம் லிண்ட்க்விஸ்ட் 1892-இல் செய்த பிரைமஸ் அடுப்பின் வழித்தோன்றல்களே இவையெல்லாம். திரி இல்லை, எண்ணெய் சூடான குழாயில் ஆவியாகி எரிவதால் கரி படியாது. எரிமுனையை முன்கூட்டியே சூடாக்கும் பொறுமை மட்டும் வேண்டும்.

எதையும் சுமக்காமல் போக விரும்பினால் இரட்டைக்குழி அடுப்பு. ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் ஆழத்தில் ஒரு குழி, காற்று வரும் திசையில் சற்றுத் தள்ளி மற்றொரு குழி, அடியில் இரண்டையும் இணைக்கும் சுரங்கம். முதல் குழியில் நெருப்பு எரிய, இரண்டாவது அதற்கு மூச்சுக்குழாயாகிறது. பலத்த காற்றிலும் அணையாது, வெளிச்சமும் புகையும் குறைவு, முடிந்ததும் தண்ணீர் ஊற்றிக் கிளறி, ஆறிய பின் மண்ணை மூடிவிட்டால் தடயமே இருக்காது. வேர்கள் நிறைந்த இடத்திலும் பாதி மக்கிய தாவரங்கள் படிந்து எரியக்கூடிய கரிசேறு நிலத்திலும் இதைத் தோண்டவே கூடாது. நெருப்பு மண்ணுக்கடியில் நாட்கணக்கில் ஊர்ந்துபோய் வேறோர் இடத்தில் தலைகாட்டும். காட்டுத்தீத் தடை உள்ள பருவத்தில் சாம்பல் தட்டு வைத்தாலும் விறகுநெருப்பு வேண்டாம்.

ஆற்றுப்படுகைக் கற்களை அடுப்புக்கல்லாக வைக்காதீர்கள். அவற்றின் விரிசல்களில் தங்கிய நீர் ஆவியாகி, கல்லைச் சிதறடிக்கும்.

இரும்புக்கை:
புகையே கூடாது என்பவருக்கு மரவாயு அடுப்பையும் சொல்லிவிட வேண்டும். ஒரு தகரக்குவளையில் விறகுச் சீவல்களை நிரப்பி, அடியில் அல்ல, உச்சியில் பற்றவைப்பார்கள். நெருப்பு கீழ்நோக்கி இறங்கிவர, கீழேயுள்ள மரம் சிறிதளவு காற்றில் வெந்து வாயுவாகி மேலேறும். விளிம்பருகில் உள்ள துளைகள் வழியாக வரும் இரண்டாவது காற்று அந்த வாயுவைச் சந்திக்கும் இடத்தில் சுடர் எழும். அமெரிக்காவில் தாமஸ் ரீடும் நார்வேயைச் சேர்ந்த போல் வென்டெல்போவும் 1980-களில் ஒருவரையொருவர் அறியாமலேயே இந்த முறைக்கு வந்துசேர்ந்தார்கள். சுடர் எரிவாயு அடுப்பைப்போல் இருக்கும், புகை ஏறத்தாழ இராது, இறுதியில் விறகின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் கரியும் மிஞ்சும்.

குறை என்னவென்றால், நடுவில் விறகு சேர்க்க முடியாது. சமையல் முடியும் முன் சுடர் அணைந்தால் அந்த நொடியிலேயே அடர்ந்த வெண்புகை கிளம்பும். அடியில் தங்கும் கரியும் கனலத் தொடங்கினால், மேலே இரவுப்பணி சொன்ன வாயுதான் வரும். இறுக மூடும் தகரத்தில் கரியைக் கொட்டி மூடி அணைக்க வேண்டும்.

முதல்சுள்ளி:
மூன்று வாரங்கள் கழித்து வந்திருக்கிறேன். கரி அடுப்பை உள்ளே வைக்கும் எண்ணத்தை அன்றே விட்டுவிட்டேன், நன்றி. சுட்ட செங்கற்களால் உட்குழாய் அமைத்து, சுற்றிலும் சாம்பல் நிரப்பி ராக்கெட் அடுப்புக் கட்டினேன். சமையலறைத் தராசில் விறகை நிறுத்துப் பார்த்தேன். மூடி போட்ட அதே பாத்திரத்தில் இரண்டு லிட்டர் தண்ணீர் கொதிக்க, மூன்று கற்களில் 340 கிராம் செலவாயிற்று. புதிய அடுப்பில் தகட்டுச் சட்டையோடு 150 கிராம். சட்டை இல்லாமல் ஒரு முறை செய்ததில் 210 கிராம் ஆயிற்று.

இரண்டு குறைகள் இருக்கின்றன. முதல் ஐந்து நிமிடம் நன்றாகப் புகைகிறது, பாத்திரத்தில் கரி இன்னும் படிகிறது. மேலும், கொதி வந்த பிறகு ஒரு மணி நேரம் வேக வேண்டியவற்றுக்கு அடுப்பின் முன்னாலேயே உட்கார்ந்து சுள்ளியைத் தள்ளிக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது.

மண்வாசகி:
உட்கார வேண்டியதில்லை. கொதித்த பாத்திரத்தை மூடியோடு இறக்கி, வைக்கோலோ பழைய போர்வையோ நாற்புறமும் கையகலத்துக்கு அடைத்த ஒரு பெட்டியில் வைத்து மூடிவிடுங்கள். உள்ளிருக்கும் சூடே மீதியை வேகவைத்துவிடும். அடுப்பின்மேல் நடப்பதுபோல் இரண்டு மடங்கு நேரம் ஆகும், ஆனால் அடிப்பிடிக்காது. பாத்திரம் பாதிக்குமேல் நிறைந்திருக்க வேண்டும். குறைந்த அளவு விரைவில் ஆறிவிடும். திறக்கும்போது 60 பாகைக்குக் கீழே போயிருந்தால் மறுபடி கொதிக்கவைத்தே உண்ண வேண்டும். சிவப்புக் கிட்னி பீன்ஸ் போன்ற பயறுகளை ஊறவைத்து, தண்ணீரை மாற்றி, பெட்டிக்குள் வைக்கும் முன் அடுப்பிலேயே முழுக்கொதியில் குறைந்தது பத்து நிமிடம் விடுங்கள். அவற்றிலுள்ள நச்சு மென்சூட்டில் அழிவதில்லை.

இரும்புக்கை:
340, 210, 150: சட்டையின் பங்கு எவ்வளவு என்று நீங்களே நிறுத்துக் காட்டிவிட்டீர்கள். தொடக்கப் புகைக்குக் காரணம், குளிர்ந்த புகைபோக்கியில் இழுவை இல்லாததுதான். சீவல்களையும் உலர்ந்த பட்டையையும் மட்டும் வைத்து மூன்று நிமிடம் வெறும் அடுப்பை எரியவிட்டு, உட்சுவர் சூடான பிறகு பாத்திரத்தை ஏற்றுங்கள். கரி தொடர்ந்து படிந்தால் வாயில் விறகு நெருக்கமாக இருக்கிறது. தட்டுக்கு மேலே பாதி இடமாவது வெறுமையாக இருக்கட்டும்.

ஊதுகுழல்:
கரி படிந்தாலும் கவலை இல்லை தம்பி. அடுப்பில் ஏற்றும் முன் பாத்திரத்தின் வெளிப்புறத்தில் தண்ணீரில் குழைத்த சாம்பலையோ சோப்பையோ மெல்லிசாகப் பூசுங்கள். கழுவும்போது கரி அந்தப் பூச்சோடு சேர்ந்து வந்துவிடும். சாம்பலைச் சலித்துவிட்டுப் பூசுங்கள், கல் இருந்தால் பாத்திரம் கீறும்.